விண்கலத்துக்கு வழி தெரிவது எப்படி?

கேள்வி: கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கோளுக்கு விண்கலம் வழி தவறாமல் எப்படிப் போய்ச் சேர்கிறது? ஏவும்போதே அவ்வளவு துல்லியமாகக் குறி வைத்துவிடுகிறார்களா?

பதில்: ஏவும்போது வைக்கும் குறி, கலம் போய்ச் சேரும் நாளில் அந்தக் கோள் வந்திருக்கப்போகும் இடத்தை நோக்கியது. ஆனால் அது மட்டும் போதாது. வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிசகினால், ஏழு மாதப் பயணத்தில் நேர்க்கணக்கிலேயே சுமார் 18,000 கிலோமீட்டர் விலகல் சேர்ந்துவிடும். ஆகவே, கலம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை ஓயாமல் அளந்து, தேவையானபோது சிறு உந்துபொறிகளை இயக்கிப் பாதையைத் திருத்துகிறார்கள்.

அந்த அளவீடுதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. தரையிலிருந்து அனுப்பும் ரேடியோ அலையைக் கலம் திருப்பி அனுப்புகிறது. போய்வரும் நேரத்தை அணுக்கடிகாரத்தால் அளந்தால் தொலைவு சில மீட்டர் பிழைக்குள் கிடைக்கிறது, அதிர்வெண் மாறும் அளவிலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து, நம்மை விட்டு விலகும் வேகம் வினாடிக்கு மில்லிமீட்டரின் பின்னம் வரை தெரிகிறது. பக்கவாட்டு நிலையை அறிவதுதான் கடினம். அதற்காக கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆகிய மூன்று நாசா நிலையங்களில் இரண்டு, ஒரே சைகையைப் பெற்று, அது வந்து சேரும் நேர வேறுபாட்டை அளக்கின்றன. உடனே, இடம் துல்லியமாக அறியப்பட்ட ஒரு குவேசாரையும் (மிகத் தொலைவில் ரேடியோ அலை வீசும் பிரகாசமான விண்பொருள்) அவ்வாறே அளந்து ஒப்பிடுகின்றன.

சூரியன், கோள்கள் ஆகியவற்றின் ஈர்ப்போடு, சூரிய ஒளி தரும் மெல்லிய அழுத்தமும் கணக்கில் சேரும். உந்துபொறியின் சிறு தள்ளலையும் விட முடியாது. 1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்தது அந்தக் கணக்கில்தான்: தள்ளலைக் குறிக்கும் எண்கள் நியூட்டன்-வினாடி என்ற மெட்ரிக் அலகில் இருக்க வேண்டியிருக்க, பவுண்டு-வினாடி என்ற ஆங்கில அலகில் வந்ததால், செவ்வாயை மிகத் தாழ்வாக நெருங்கிய கலம் தொலைந்துபோனது.

சில வேளைகளில் போய்ச் சேர வேண்டிய இலக்கின் இடமே போதிய துல்லியத்துடன் தெரியாது. 1930-இல் கண்டறியப்பட்ட புளூட்டோ, சூரியனைச் சுற்ற 248 ஆண்டுகள் எடுப்பதால், இன்னும் பாதிச் சுற்றைக்கூட நம் கண்முன் முடிக்கவில்லை. அதனால் நியூ ஹொரைசன்ஸ் கலம், விண்மீன்களின் பின்னணியில் புளூட்டோவைத் தானே படமெடுத்து அனுப்ப, அந்தப் படங்களைக் கொண்டும் பாதை திருத்தப்பட்டது. ஒன்பதரை ஆண்டுப் பயணத்துக்குப் பின், 2015 ஜூலை 14 அன்று அது புளூட்டோவின் தரைக்கு மேலே சுமார் 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. ஒரு சைகை அங்கே போய்ச் சேர நான்கரை மணி நேரம் ஆகும் என்பதால், எந்த நொடியில் கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற கட்டளைகள் அனைத்தும் முன்கூட்டியே கலத்தில் ஏற்றப்பட்டிருந்தன.