எல் பாசோவிலிருந்து லூயிஸ்-மெக்கார்டுக்கு: பிசிஎஸ் (ராணுவ இடமாற்ற) ஆர்டர் வந்திருக்கும் தங்கைக்கு

உங்கள் கேள்வி இது: கணவர் அமெரிக்க ராணுவத்தில் ஸ்பெஷலிஸ்ட், ஈ-4. இப்போது எல் பாசோவில் ஃபோர்ட் பிளிஸ். ஜூலையில் வாஷிங்டன் மாநிலம் ஜாயின்ட் பேஸ் லூயிஸ்-மெக்கார்டில் சேர வேண்டும். ஆறு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண், வெளியே வாடகை வீடு. நீங்கள் கிரீன் கார்டில் வந்து ஒன்றரை வருஷம். "எல்லாம் ஆர்மியே பார்த்துக்கொள்ளும் என்கிறார். நான் எங்கே ஆரம்பிப்பது?"

ஆர்மி லாரி அனுப்பும், பணமும் கொடுக்கும். ஆனால் யாராவது கேட்டால்தான் கொடுக்கும். ஊர் மாறும் மாதத்தில் அவர் பழைய யூனிட்டில் கிளியரன்ஸ், புதிய யூனிட்டில் இன்-பிராசஸிங் என்று அலைந்துகொண்டிருப்பார். கேட்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் ஆர்டர் தாளை எடுத்து நீங்களே படியுங்கள். உங்கள் பெயரும் இரண்டு குழந்தைகளின் பெயரும் அதில் இருக்கிறதா, எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் இனிஷியல், அப்பா பெயர், கடைசிப் பெயர் என்று குழப்பம் வருவது சகஜம். தாளில் ஒரு மாதிரி, டீர்ஸ் என்ற ராணுவக் குடும்பப் பதிவேட்டில் ஒரு மாதிரி என்றால் பயணப்படி, வீட்டுப்படி எல்லாம் அங்கங்கே சிக்கிக்கொள்ளும். தவறு இருந்தால் திருத்த ஆணை வாங்குவது அவர் வேலை. விடாமல் நச்சரிப்பது உங்கள் வேலை. சரியானதும் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர், பள்ளிக்கூடம், ஹோட்டல், லாரிக்காரர் என்று போகிற இடத்திலெல்லாம் ஒன்று கேட்பார்கள்.

அதே வாரத்தில் பேஸில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் போய் அவரிடமிருந்து உங்கள் பெயருக்குப் பவர் ஆஃப் அட்டார்னி எழுதி வாங்குங்கள், இலவசம்தான். பொதுவாக எழுதியதைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். சாமானை ஒப்படைக்க, வாங்கிக்கொள்ள, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். லாரி வந்து நிற்கும் நாளில் அவர் துப்பாக்கிப் பயிற்சிக்கு ரேஞ்சில் இருந்தால் இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

ஆர்டர் கையில் வந்த அன்றே மூன்று வரிசைகளில் பெயர் கொடுத்துவிடுங்கள். சாமான் ஏற்றும் தேதி: மே நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நாடு முழுக்க ராணுவக் குடும்பங்கள் இடம் மாறும் காலம், ஜூலைக்கு இப்போதே கேட்டால்தான் கிடைக்கும். பேஸுக்குள் வீடு: காத்திருப்புப் பட்டியல் உண்டு. சின்னவளுக்கு டே கேர்: மிலிட்டரி சைல்ட் கேர் தளத்தில் லூயிஸ்-மெக்கார்டைப் போட்டு இன்றே பதிவு செய்யுங்கள். இரண்டு வயதுக்காரர்களுக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், வரிசையில் உங்களுக்கு முன்னால் நிறையப் பேர் நிற்பார்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்ய ராணுவத்தினரைப் பாதுகாக்கும் எஸ்சிஆர்ஏ சட்டம் துணை நிற்கும். ஒப்பந்தம் பாக்கி இருந்தாலும் எழுத்தில் நோட்டீசும் ஆர்டர் பிரதியும் கொடுத்து முறிக்கலாம், அதற்காக அபராதம் கேட்க முடியாது. கணக்கு மட்டும் கொஞ்சம் நுணுக்கம். நோட்டீஸ் கொடுத்தபின் வரும் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாள் கழித்துத்தான் ஒப்பந்தம் முடியும். வாடகை ஒன்றாம் தேதி என்றால், மே 20 அன்று கொடுத்த நோட்டீஸ் ஜூலை 1-இல் முடியும். அதையே சோம்பலாக ஜூன் 2 அன்று கொடுத்தால் ஜூலை 31. பதின்மூன்று நாள் தாமதத்துக்கு ஒரு மாத வாடகை தண்டம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இனி சாமான். குடும்பத்தோடு போகும் ஈ-4-க்கு எடை வரம்பு 8,000 பவுண்டு, கிட்டத்தட்ட 3,600 கிலோ. ஒரு அறைக்கு 1,000 பவுண்டு என்று மனக்கணக்கு போடலாம். வரம்பு தாண்டினால் அதற்கான செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவருடைய ராணுவக் கிட், தொழில் சாமான் எல்லாம் ப்ரோ கியர். 2,000 பவுண்டு வரை வரம்பில் சேராது. உங்கள் தொழிலுக்கான புத்தகம், கருவிகளுக்கும் தனியாக 500 பவுண்டு உண்டு. இவற்றைத் தனி மூலையில் அடுக்கி, சாமான் பட்டியலிலும் ப்ரோ கியர் என்றே எழுதச் சொல்லுங்கள். எடை போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

பேக்கர்கள் வேகமாக வேலை செய்பவர்கள். குப்பைத்தொட்டியைக் குப்பையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அதனால் முதல் நாள் இரவே ஒரு குளியலறையைக் காலி செய்து, கையோடு போக வேண்டியதையெல்லாம் அதற்குள் வைத்துப் பூட்டி, கதவில் 'எடுக்காதே' என்று ஒட்டிவிடுங்கள். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பள்ளிப் பதிவுகள், மருந்து, லேப்டாப், அவருடைய ஒரு செட் யூனிஃபார்ம் உள்ளே இருக்கட்டும். தாலிக்கொடியிலிருந்து குழந்தை வளையல் வரை தங்கம் முழுவதும் அங்கேதான். தங்கத்தை லாரியில் ஏற்றவே கூடாது. கூடவே ஒரு குக்கர். அதன் வெயிட்டையும் கேஸ்கட்டையும் ஒரு பையில் போட்டு உள்ளேயே வையுங்கள். சமையல் மேடை உள்ள ஹோட்டலில் இரண்டு வாரம் தங்கும்போது அதன் அருமை தெரியும்.

வெட் கிரைண்டர் வைத்திருந்தால் குழவிக் கல்லைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கல்லோடு கட்டினால் வழியில் ஆடி ஆடிப் பாத்திரம் நசுங்கும், அச்சு வளையும். பேக்கருக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். எண்ணெய், நெய், ஊறுகாய் போன்ற திறந்த பாட்டில்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர், ஸ்ப்ரே டப்பா, ப்ளீச், பெயிண்ட் எதையும் ஏற்ற மாட்டார்கள். குத்துவிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதே பெட்டியிலுள்ள துணி பாழ்.

ஒவ்வொரு பொருளிலும் எண் ஒட்டி, பட்டியலில் அதன் நிலையைக் குறியாக எழுதுவார்கள். எஸ்சி என்றால் கீறல், சிஎச் என்றால் சில்லு பெயர்ந்தது, டி என்றால் நசுங்கல், பிஆர் என்றால் உடைந்தது. புது டைனிங் டேபிளுக்கு எஸ்சி, சிஎச், டி மூன்றையும் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பது சாதாரணமாக நடக்கும். போட்டுவிட்டால், பிறகு வழியில் உடைந்ததற்கு "அப்போதே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். தாளின் கீழே குறிப்பு எழுத இடம் உண்டு. 'எண் 47, கீறல் இல்லை, ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிவிட்டுப் பிறகு போடுங்கள். டிவி ஓடுவதையும் மேஜையின் நான்கு காலையும் அதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். இன்னொரு குறி பிபிஓ, நீங்களே கட்டியது என்று பொருள். அந்தப் பெட்டிக்குள் உடைந்தால் நஷ்டஈடு வாங்குவது பெரும்பாடு. ஆகவே உதவுவதாக நினைத்து முன்கூட்டியே பெட்டி கட்டி வைக்காதீர்கள்.

பயணப் பணம். ஒரு நாளைக்கு 350 மைல் என்பது கணக்கு. சுமார் 1,700 மைல் தூரத்துக்கு ஐந்து நாள் வரும். அவருக்கு முழு தினப்படி, கூடப் போகும் உங்களுக்கு 75 சதவீதம், 12 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு 50 சதவீதம், காருக்கு மைல் கணக்கில் தனி. இதுபோக வீடு மாறும் செலவுக்கு டிஎல்ஏ, தற்காலிகத் தங்கலுக்கு டிஎல்இ. எதுவும் தானாக வராது. போய்ச் சேர்ந்ததும் டிடி 1351-2 படிவத்தில் கேட்க வேண்டும், ஐந்து நாளைக்குள் கொடுக்கச் சொல்வார்கள். ஹோட்டல் ரசீதில் பாக்கி பூஜ்யம் என்று அச்சாகியிருக்க வேண்டும். முன்பதிவு செய்த மின்னஞ்சலைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அட்வான்ஸ் பே என்று ஒன்றை யாராவது சொல்வார்கள். அது கடன், மாதாமாதம் சம்பளத்தில் கழியும். கை மிகவும் கடித்தால் முதலில் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் என்ற ராணுவ உதவி நிதியில் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். ஏனெனில் அவர் புது இடத்தில் சைன் இன் செய்யும் வரை வீட்டுப்படி எல் பாசோ கணக்கில்தான் வரும். புது பேஸுக்கு அருகே டகோமா பக்கத்து வாடகை அதைவிட அதிகம். முதல் மாத வாடகையும் டெபாசிட்டும் கையில் இருக்க வேண்டும்.

ராணுவ மருத்துவக் காப்பீடான டிரைகேர் விஷயத்தில் பயம் வேண்டாம். எல் பாசோவும் வாஷிங்டனும் மேற்கு மண்டலம்தான். கிளம்புமுன் ரத்து செய்துவிடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் டீர்ஸில் முகவரி மாற்றி, புதிய டாக்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அர்ஜென்ட் கேருக்கு ரெஃபரல் தேவையில்லை. வழக்கமான செக்கப், தடுப்பூசி, மருந்து நிரப்புவதை மட்டும் எல் பாசோவிலேயே முடித்துவிடுங்கள். லூயிஸ்-மெக்கார்டில் பெரிய மருத்துவமனை மடிகன், பேஸிலேயே இருக்கிறது.

எங்கே குடியிருப்பது? சியாட்டில் அருகே ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் நம்மவர்கள் அதிகம் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பேஸிலிருந்து ஏறக்குறைய 50 மைல், அதுவும் ஐ-5 நெடுஞ்சாலை நெரிசலில். காலை ஆறரைக்கு அவர் பி.டி. உடற்பயிற்சிக்கு வந்து நிற்க வேண்டும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள். வார இறுதியில் போய் வந்தால் போதும். பேஸுக்குள், டுபான்ட், லேக்வுட் மூன்றையும் பாருங்கள். பேஸுக்குள் உள்ள பள்ளிகள் க்ளோவர் பார்க் மாவட்டம், டுபான்ட் ஸ்டெய்லகூம் மாவட்டம். வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கும். எல் பாசோ வறண்ட ஊர். லூயிஸ்-மெக்கார்டு பக்கம் இலையுதிர் காலம் தொடங்கி மாதக்கணக்கில் ஈரம். வீட்டைப் பார்க்கும்போது ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு, குளியலறைக் கூரை, அலமாரியின் பின்சுவர் மூன்றிலும் பூஞ்சைக் கறை உண்டா என்று பாருங்கள். இருந்தால் படமெடுத்து, குடிபுகும் படிவத்தில் எழுதிவிடுங்கள். சாமான் வரும் வரை பேஸில் குடும்பங்களுக்கு உதவும் ஏசிஎஸ் அலுவலகத்தின் லெண்டிங் க்ளாசட்டில் பாத்திரம், தட்டு, படுக்கை இரவல் தருவார்கள்.

பையனின் பள்ளிப் பதிவுகளின் நகலை நீங்களே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவக் குழந்தைகளுக்கான மாநிலங்களுக்கிடை ஒப்பந்தம் 50 மாநிலங்களிலும் உண்டு. அதன்படி கை நகலை வைத்தே சேர்க்க வேண்டும், விடுபட்ட தடுப்பூசிக்கு 30 நாள் அவகாசமும் தர வேண்டும். பள்ளி அலுவலகத்தில் இழுத்தடித்தால் பேஸில் பள்ளி விஷயங்களைப் பார்க்கும் ஸ்கூல் லியஸான் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

நம் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுவது குடியேற்றத் தாள்களில். டீர்ஸில் முகவரி மாற்றியது குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரியாது. வீடு மாறிய 10 நாளைக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தை நீங்கள் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. கணவர் குடிமகன் என்றால் கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டில் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போடலாம், 90 நாள் முன்பாகவே. ஆனால் விண்ணப்பிக்கும் மாநிலத்தில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். அடுத்த இடமாற்றம் எப்போது என்று பார்த்து அதைத் திட்டமிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வேலைகளுக்கு இதுவரை ஹூஸ்டன் துணைத் தூதரகம். வாஷிங்டனுக்கு 2023 முதல் சியாட்டிலிலேயே துணைத் தூதரகம் உண்டு.

அம்மா அப்பா வந்து தங்குவார்கள் என்றால் பேஸுக்குள் வீடு எடுக்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: வெளிநாட்டவருக்கு கேட் பாஸ் வாங்க எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும், விருந்தாளி எவ்வளவு காலம் தங்க வீட்டு அலுவலகம் எழுத்தில் அனுமதிக்கும். ஆறு மாதம் தங்க வந்தவர்களை கேட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள் இல்லை இவை.

சாமான் வந்து இறங்கும் நாளில் பட்டியலை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடியுங்கள். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். எல்லாப் பெட்டியையும் அன்றே திறக்க முடியாது. உடைந்தது, காணாமல் போனது எது தெரிந்தாலும் 180 நாளைக்குள் அறிவித்துவிடுங்கள். முழு மாற்று மதிப்பு, அதாவது புதிதாக வாங்கும் விலை, வேண்டுமென்றால் சாமான் இறங்கியதிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் க்ளெய்ம் போட வேண்டும். கொலுப் பொம்மைப் பெட்டியைப் புரட்டாசியில் பிரித்துக்கொள்ளலாம் என்று பரணில் ஏற்றுமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.