மன்னார் வளைகுடாவில் ஸ்கூபா டைவிங் செய்ய எந்தச் சின்னக் கத்தி நம்பகமானது? டைட்டானியம் வாங்கலாமா, ஸ்டீல் போதுமா?

உலோகம் இரண்டாவது கேள்வி. இந்தக் கடலில் எதை அறுக்க வேண்டிவரும் என்பதை முதலில் பாருங்கள்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என எங்கே இறங்கினாலும் காலில் மாட்டக் காத்திருப்பது தங்கூசிதான். நண்டு வலையும் தூண்டில் நரம்பும் அந்தக் கண்ணாடி நிற நைலான் இழையே. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, உப்பில் மக்காது. கடல்நீரைவிடக் கனம் என்பதால் அறுந்த வலை பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேலேயே படிந்து கிடக்கும். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியின் பாலிஎத்திலீன் நூல் வேறு ரகம். தடித்தது, ஆனால் தண்ணீரைவிட லேசு. ஒரு முனை பாரில் சிக்கினால் மறுமுனை மேலெழும்பி அலைக்கு ஆடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, நங்கூரத்துக்கும் மீன் பிடிக்கும் கூண்டுக்கும் கட்டும் 6 முதல் 8 மி.மீ. கயிறு.

கயிற்றையும் மடி நூலையும் பல் வைத்த கத்தி நன்றாக அறுக்கும். தொய்வாகக் கிடக்கும் தங்கூசியில் மட்டும் எந்தக் கத்தியும் வழுக்கும். இழையை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கையே வலைக்குள் இருந்தால் என்ன செய்வது? அதனால் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவீர்கள் என்றால் கத்தியை விட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸில் அடிபட்டவரின் துணியை வெட்ட வைத்திருக்கும் வளைந்த மூக்குக் கத்தரிக்கோல் சில நூறு ரூபாய்தான். ஒற்றைக் கையால் தங்கூசியை வெட்டும், 8 மி.மீ. கயிற்றையும் கடித்துக் கடித்து அறுத்துவிடும். நடு ஆணி துருப்பிடித்து இறுகுவது அதன் குறை. இறுக ஆரம்பித்ததும் புதிது வாங்கிவிடுங்கள்.

கத்தி அதற்குத் துணையாக. அலகு 7 முதல் 9 செ.மீ. போதும். ஒரு பக்கம் பல், மறுபக்கம் வழவழப்பான கூர், அடியில் நரம்பை மாட்டி இழுக்க ஒரு கொக்கி வெட்டு. முனை மழுங்கலாக இருக்கட்டும். கலங்கல் தண்ணீரில் பார்க்காமல் உறையில் திருப்பிச் செருகும்போது கூர்முனை பிசிடியின் (மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் காற்று அங்கியின்) காற்றுப் பையைக் குத்திவிடும். மடக்குக் கத்தி வேண்டாம். மடிப்பில் மணல் புகுந்தால் திறக்காது, திறக்கவும் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும்.

இப்போது உலோகம். எஃகில், வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் நல்ல ரகமான 304 உப்பை ஓரளவு தாங்கும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் இரண்டும் மென்மையானவை, கூர் சீக்கிரம் போகும். 420, 440 ரகங்களில் கூர் நிற்கும், துரு வரும். டைட்டானியம் கடலில் துருவே பிடிக்காது, எடையும் எஃகில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான். கூர் மட்டும் நல்ல எஃகு அளவுக்கு நிற்காது, அதனால் பல் வைத்த டைட்டானியத்தையே எடுங்கள். மாதம் ஒருமுறை இறங்கிவிட்டுப் பையை மூலையில் போடுபவருக்கு டைட்டானியம். கழுவித் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்கு 420 தாராளம்.

எந்த எஃகானாலும் துரு முதலில் பிடிப்பது பிடிக்கு அடியில். எஃகைக் காப்பது மேலே படரும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். ஆணிக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும் இடையே தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அந்தப் படலம் மீண்டும் உருவாகாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கத்தி உள்ளே அரித்து ஒருநாள் பிடியோடு கழன்று வரும். திருகைக் கழற்றிப் பிடியைப் பிரிக்கக்கூடிய கத்தியாகப் பாருங்கள்.

உறையில் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடையிலேயே தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், விழக்கூடாது. பிறகு இடது கை, வலது கை என மாறி மாறி, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் உருவுங்கள். பூட்டு விரலுக்கு அகப்படவில்லை என்றால் எவ்வளவு நல்ல அலகும் வீண். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். கத்தியை இடது தோள் பக்கம் பிசிடிக்குக் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் குழாயிலோ இடுப்பு வாரின் முன்பக்கமோ கட்டினால் இரண்டு கைக்கும் எட்டும். கத்தரிக்கோல் வலது தொடைப் பையில். கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டுவது படத்துக்கு அழகு. நிஜத்தில் அந்தப் பிடியிலேயே முதல் நரம்பு மாட்டும், கால் சிக்கியபின் கை அங்கே போகவும் போகாது.

வாங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் பழைய நண்டு வலைத் துண்டையும் 8 மி.மீ. கயிற்றையும் போட்டு, கண்ணை மூடி அறுத்துப் பழகுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் என்று இங்கே சொல்லும் மன்னார் வளைகுடா கலங்கிவிடும். தடவித்தான் அறுக்க வேண்டியிருக்கும்.

சிக்கினால் சுழலாதீர்கள், ஒவ்வொரு சுற்றும் இன்னொரு சுற்று வலை. நின்று, மூச்சை நிதானமாக்கி, துணை டைவருக்குச் சைகை காட்டி, வந்த வழியே மெல்லப் பின்வாங்கிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே கழன்றுவிடும். அறுப்பதானால் அலகு மூச்சுக் காற்று வரும் ரெகுலேட்டர் குழாய்க்கு எதிர்ப்பக்கம் நகர வேண்டும். சிலிண்டர் வால்வில் மாட்டியதைத் துணை டைவரே அறுக்கட்டும். மிதவை கட்டி வேலையில் இருக்கும் வலை ஒருவரின் பிழைப்பு. சிக்காமல் சுற்றிப் போக முடிந்தால் கத்தியைத் தொடாதீர்கள். பவளத்தை நெம்பவோ சுரண்டவோ கத்தியை எடுத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

கரையேறியதும் உறையோடு நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். இந்தக் கரையில் பல ஊர்க் கிணறுகள் உவர்ப்பு, அதில் கழுவிப் பயனில்லை. ஒரு குடம் குடிதண்ணீரை இதற்கென ஒதுக்குங்கள். உலர்ந்தபின் அலகில் சிலிகான் கிரீஸ், கத்தரிக்கோல் ஆணியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். உறையில் செருகி மூடி வைக்காமல், தனியே வையுங்கள்.

மதுரையிலிருந்து விமானம் ஏறுபவர்கள் இரண்டையும் செக்-இன் பெட்டியில் போட மறக்காதீர்கள். கைப்பையில் இருந்தால் சோதனையிலேயே பறிபோகும்.