பாபநாசம் எத்தனை அடி?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். வயது 31. ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. எழுத்தாளனாக வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து ஆசை. நிறைய வாசித்தால் எழுத வரும் என்று எல்லாரும் சொன்னதால் கடந்த ஆண்டு மட்டும் 64 புத்தகங்கள் வாசித்தேன். நோட்டில் எண் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். பத்திரிகைகளுக்கு 9 கதைகள் அனுப்பினேன். ஒன்றும் வெளிவரவில்லை. ஓர் உதவி ஆசிரியர் மட்டும், ‘உங்கள் கதையில் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்’ என்று பதில் எழுதினார். வீட்டில் வாசிப்பதற்கு அமைதி இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா பீடிக் கடையில் 30 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். சர்க்கரையால் அவருக்குப் பார்வை போய்விட்டது. பீடிக்கட்டு லேபிளைக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது காலையில் பேப்பரை வாசிக்கச் சொல்லி நச்சரிக்கிறார். தலைப்புகளை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். எங்களுக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது, ஆனாலும் பாபநாசம் அணை எத்தனை அடி என்று தினமும் கேட்பார். மனைவியை வாசித்துக் காட்டச் சொன்னால் நேரமில்லை என்கிறாள். இன்னும் எத்தனை புத்தகங்கள் வாசித்தால் எனக்கு நடை கைவரும்? எவற்றை வாசிக்க வேண்டும்? ஒரு கதையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, பட்டியல் தரப்போவதில்லை. எத்தனை புத்தகம் வாசித்தால் எழுத்து வரும் என்று கேட்டு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. இட்லிக்கு எத்தனை ஆழாக்கு உளுந்து என்று கேட்பது போலக் கேட்கிறார்கள். உங்கள் கடிதத்தை வித்தியாசமாக நினைத்ததற்குக் காரணம் அந்த 64 அல்ல. ‘ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது, ஆனாலும் பாபநாசம் எத்தனை அடி என்று தினமும் கேட்பார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் அங்கேயே நின்றுவிட்டேன்.

இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதைப் பன்மை வருவதில்லை.

வயல் வைத்திருப்பவன் அணையின் அடி கேட்பான். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்த போகமான பிசானம் கரையேறுமா என்று அவனுக்குக் கவலை. 143 அடி அணையில் 60 அடி கிடக்கிறது என்றால் அவன் வயிறு கலங்கும். உன் அப்பாவுக்கு என்ன? வரப்பு இல்லை, மடை இல்லை, வாய்க்கால் முறை இல்லை. கண்ணும் போயிற்று. அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் அந்த எண்ணைக் கேட்கிறார். ஏன் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? 64 புத்தகம் வாசித்த ஆளுக்கு, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கேள்வி கண்ணில் படவில்லை. இதைத் தொல்லைகளின் பட்டியலில் சேர்த்து எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

அவர் தகப்பனார் காலத்தில் வயல் இருந்ததோ, வெறும் பழக்கமோ, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டால் ஒரு நிம்மதியோ, எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன். அது உன் வீட்டுச் சொத்து. நான் கை வைக்கக் கூடாது.

நீ இணைத்த கதைக்கு வருகிறேன். முதல் வரி: ‘அந்தி மயங்கும் வேளையில் தாமிரபரணியின் அலைகள் அவன் மனத்தின் அலைகளோடு உரையாடிக்கொண்டிருந்தன.’ முக்கூடல் படித்துறையில் நீ எந்தக் காலத்தில் அலையைப் பார்த்தாய்? ஐப்பசி, கார்த்திகையில் செந்தண்ணீர் வரும், சுழி வரும், படி முங்கும். கோடையில் பாறை தெரியும், பாசி வழுக்கும். உன் ஆற்றில் அடிக்கிற அலை நீ படித்த ஏதோ புத்தகத்திலிருந்து தெறித்து வந்த அலை. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டி பேரனைப் பார்த்து, ‘வாழ்க்கை என்பது ஒரு பயணம், மகனே’ என்கிறாள். நம் பக்கத்து ஆச்சி எவளும் அப்படித் திருவாய் மலர மாட்டாள். ‘ஏலே’ என்று கூப்பிட்டு, சோறு தின்றாயா என்றுதான் கேட்பாள். அந்த உதவி ஆசிரியர் சொன்னது சரி. உன் கதையில் எல்லாரும் உன் குரலில் பேசுகிறார்கள். அந்தக் குரலும் இரவல்.

வாசித்தால் எழுத்து வளரும் என்பது பொய்யில்லை. ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த இடத்தில் பத்தியை முறிப்பது, இதெல்லாம் வாசிக்காதவனுக்கு வராது. ஆனால் நீ வாசிப்பது கண்ணால் மட்டும். அதுவும் எண் போட்டு முடிப்பதற்காக. கண் ஓடிவிடும், தம்பி. எட்டுச் சொல்லை ஒரே மூச்சில் தாண்டும். வாய் அப்படித் தாண்ட முடியாது. ஒவ்வொரு சொல்லாக ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

இதை நான் கற்றது புத்தகத்தில் அல்ல. எனக்கு 19 வயதில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலை. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாம் வாயால் சொல்லி. மற்றவர் அச்சுத்தாளில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவார். சின்னப் பெண் என்பதால் வாசிப்பு என் தலையில். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் விசேஷ அட்டை, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, இடையிடையே யாராவது சொந்தக் காசில் போடும் கவிதைப் புத்தகம். நாலு வருடம் வாசித்தேன், தொண்டை கட்டிப் போகிற வரை. எதிரே இருந்த பெரியவருக்கு இலக்கணம் சொல்லத் தெரியாது. ஆனால் நான் ஓரிடத்தில் தடுக்கினால் பேனாவை நிறுத்திவிடுவார். ‘நீ தடுக்கவில்லை, வாக்கியம் தடுக்குகிறது’ என்பார். பத்துக்கு எட்டு முறை அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. யார் என்பதை முதலில் சொல்லி, என்ன செய்தார் என்பதை நாலு வரி கழித்துச் சொன்னால், கேட்கிறவர் நடுவழியில் தொலைந்துபோவார். கண்ணால் வாசிக்கிறவன் மேலே ஒரு முறை பார்த்துக்கொள்வான். காதால் கேட்கிறவருக்கு மேலே பார்க்க வழி கிடையாது, ‘யாரு?’ என்று கேட்பார். உன் அப்பா பேப்பர் வாசிக்கும்போது இடையில் ‘யாரு, யாரு?’ என்று கேட்பாரே, அதைத்தானே நச்சரிப்பு என்கிறாய்? அந்த ‘யாரு’ விழுகிற இடமெல்லாம் செய்தி எழுதியவர் சறுக்கிய இடம். இதைவிட மலிவாக உரைநடைப் பாடம் எங்கே கிடைக்கும்? ‘அவர்தான் சொன்னார்’ என்பதற்கும் ‘அவர் சொன்னார்தான்’ என்பதற்கும் உள்ள தூரம் காகிதத்தில் அரை அங்குலம்; காதில் இரண்டு வேறு மனிதர்கள்.

இது ஒன்றும் புது வழி அல்ல. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. வாய்விட்டுப் படித்துக் காதால் பிரித்தால்தான் பொருள் பிடிபடும். தெற்கே அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதிகளில் இன்றைக்கும் அவர்களுடைய புனித நூலான திருஏட்டின் வாசிப்பு நாள்கணக்கில் நடக்கிறது. ஒருவர் வாசிக்க ஊர் கேட்கிறது. வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து படிப்பது நேற்று வந்த பழக்கம். அதற்குத்தான் நீ வீட்டில் அமைதி கேட்கிறாய்.

உன் அம்மா பீடி சுற்றுவதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கூலி வேலைக்காரர்கள் வாசிப்பின் விலையை அறிந்திருந்தார்கள். உன் வீட்டில் அதே தொழில், அதே திண்ணை, வாசிக்கத் தெரிந்த மகன். அவன் தலைப்பை மட்டும் ஒப்பித்துவிட்டு எழுந்து போகிறான். உன் அம்மாவுக்குக் கைதான் வேலையில் இருக்கிறது, காது சும்மாதான் இருக்கிறது.

குரல் வேண்டும் என்கிறாய். உன் அப்பா 30 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த இடம் எது? பீடிக் கடை. இலை குறைந்துவிட்டது, தூள் குறைந்துவிட்டது, நல்ல பீடியைக் கழித்துப் போட்டுவிட்டீர்கள் என்று பெண்கள் வரிசையில் நின்று சண்டை போடுகிற இடம். முக்கூடல்காரி சண்டை போடுவது ஒரு மாதிரி, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறவள் கெஞ்சுவது ஒரு மாதிரி. புருஷன் குடித்துவிட்டு வந்த மறுநாள் ஒன்றும் பேசாமல் தட்டை வைத்துவிட்டு நிற்பவள் இன்னொரு மாதிரி. அத்தனையையும் கேட்டு, எண்ணை மட்டும் கணக்கில் ஏற்றிவிட்டு மீதியைத் தனக்குள் வைத்துக்கொண்டவர் அவர். அவருக்குப் பேப்பர் வாசித்துப் பார். ஒரு செய்தி முடிவதற்குள் மூன்று கிளைக்கதை சொல்லுவார். நீ எழுந்து ஓடுவது அந்தக் கிளைக்கதைகளிடமிருந்து.

இடைசெவல் என்ற ஊர் கோவில்பட்டி பக்கம் இருக்கிறது. 1986-இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் நம் நெல்லைச் சீமைதான். அந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு நண்பர்கள் எழுத வந்தார்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது, ஒருவருக்கு 1970-இல், மற்றவருக்கு 1991-இல். இதைச் சொன்னால் உடனே, ‘கி.ரா. பள்ளிக்கூடமே அதிகம் போகவில்லையே, பிறகு வாசிப்பு எதற்கு’ என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் கரிசல் காட்டுச் சொற்களைச் சேர்த்து ஓர் அகராதியே போட்டவர். ஊர் வாயையே வாசித்தவர். நீ நோட்டில் எண் சேர்த்தாய், அவர் சொல் சேர்த்தார்.

மனைவி விஷயம். நேரமில்லை என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய், ஏதோ அவள் குறை போல. பேப்பர் வரும் நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்பாள் என்பது உனக்குத் தெரியாதா? மருமகள் மாமனாருக்கு வாசித்தால் அது அவளுடைய நல்ல குணம். மகன் வாசிப்பது கடன். லேபிளைக் காட்டி உனக்கு ஆனா ஆவன்னா சொன்ன மனிதருக்குப் பார்வை போன பிறகு, அதே எழுத்தை அவருக்குத் திருப்பிச் சொல்ல உனக்குக் கசக்கிறது. லேபிளைப் பற்றியும் நச்சரிப்பைப் பற்றியும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். கை கூசவில்லையா? காலம் மாறிவிட்டது, கைப்பேசியே செய்தி வாசிக்கும் என்று யாராவது உனக்கு யோசனை சொல்லுவார்கள். கைப்பேசியிடம் அவர் ‘யாரு?’ என்று கேட்டால் அது நிற்குமா?

ஆறு மாதத்துக்குப் புதுப் புத்தகம் வேண்டாம். அந்த 64-இல் உனக்குப் பிடித்த இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள். காலையில் பேப்பர் முழுவதும்: கொலை, கொள்ளை, கோயில் கொடை, இரங்கல் விளம்பரம், மழை அளவு எல்லாம். இரவில் அந்த இரண்டு புத்தகத்திலிருந்து பத்துப் பக்கம். அதுவும் அவருக்கு, சத்தமாக. அவர் தூங்கிவிட்டால் அந்த எழுத்தாளரைத் திட்டாதே. எந்த வரியில் தூங்கினார் என்று பார். பிறகு உன் பத்தாவது கதையை எழுதி, எனக்கு அனுப்பாமல் அவருக்கு வாசித்துக் காட்டு. எங்கே இருமுகிறார், எங்கே வெற்றிலைச் செல்லத்தைத் தேடுகிறார், எங்கே ‘யாரு?’ என்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறி. பதிலுக்கு அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால் நோட்டை எடுக்காதே. கேள்.

நாளைக் காலையிலேயே தொடங்கலாம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, மூன்று அணைக்கும் அடியை நிதானமாக வாசி. பேப்பரை மடியில் வை. உங்களுக்கு எதற்கு அப்பா இந்தக் கணக்கு என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார். வேலைக்குப் போகிற பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ் வரும்.

கதையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மை நிறைய இருக்கும். நாலாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரிக்கு நீலத்தில் கோடு போட்டிருக்கிறேன், பெயர்கூட இல்லாத ஒரு பெண் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள்: ‘ஆயிரம் சுற்றினாலும் கழித்தது போக எண்ணூறுதான் கணக்கில் ஏறும்.’ இதை யார் சொல்லக் கேட்டாய்?