ஒரு லட்சம் பேர் தேவைப்பட்டார்களா?

கேள்வி: எகிப்தின் பெரிய பிரமிடை ஒரு லட்சம் பேர் 20 வருடம் கட்டினார்கள் என்று படித்தேன். நீங்கள் இன்ஜினியராக இருந்தவர். இந்த ஆள் கணக்கு சரிதானா?
- ஒரு வாசகி, உடுமலை

பதில்: அந்த ஒரு லட்சம், கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தது. அவர் போய்ப் பார்த்தபோதே பிரமிடுக்கு 2,000 வயது தாண்டிவிட்டது. கேட்டதை எழுதினார், பாவம். நாம் எஸ்டிமேட் போட்டுப் பார்ப்போம்.

கல் சுமார் 23 லட்சம். 20 வருடம், லீவே கிடையாது என்றால் நாளைக்கு 315 கல். 1990களின் தொடக்கத்தில் மார்க் லேனர் என்ற அகழாய்வாளரின் குழுவினர், பெரிய பிரமிடு நிற்கும் கீஸாவில் ஒரு குட்டிப் பிரமிடு கட்டிப் பார்த்தார்கள். 12 பேர் 22 நாளில் 186 கல் வெட்டினார்கள். அந்த வேகத்தில் 315 கல்லுக்கு 450 ஆள் போதும். ஆனால் அவர்கள் கையில் இரும்புக் கருவி. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னரின் ஆட்களிடம் செம்பு உளி. சீக்கிரம் மழுங்கும். மூன்று மடங்கு போட்டாலும் 1,350 பேர்தான்!

இழுக்க, சாய்தளம் போட, ஏற்றி வைக்க எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரங்கள். எண்ணிக்கை வீங்குவது வேறு இடத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடுப்பணைக்கு நான் போட்ட எஸ்டிமேட்டில் கொத்தனார், சித்தாள் எல்லாம் சரியாக இருந்தது. குடிதண்ணீர் தூக்க ஆள் போடவில்லை. சித்திரை வெயில். மூன்றாம் நாள் வேலை நின்றது. கீஸாவில் அந்தத் தப்பு நடக்கவில்லை. அடுத்தடுத்த பிரமிடுகள் எழுந்த காலத்துத் தொழிலாளர் ஊரைத் தோண்டியபோது ரொட்டி சுடும் கூடங்கள் வந்தன, மாட்டு எலும்பும் ஆட்டு எலும்பும் மலையாக வந்தன. சுடுபவர், மேய்ப்பவர், உளி தீட்டுபவர், படகோட்டி என எல்லோரையும் கூட்டித்தான் ஆய்வாளர்கள் 20,000, 30,000 என்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆள், கூஃபு காலத்து மெரர். 40 பேர் கொண்ட படகுக் குழுவுக்கு மேஸ்திரி. அவர் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய குறிப்புகள் 2013-ல் செங்கடல் கரையில் கிடைத்தன. நைல் நதிக்கு அக்கரையில் தூரா குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றி கீஸாவில் இறக்கியிருக்கிறார், 10 நாளைக்கு இரண்டு மூன்று நடை. பகலில் என்ன வேலை, ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். என் மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், படுத்த இடத்துக்குக் கட்டமே இருந்ததில்லை.