முந்திரி ஆகாத மகளுடன் விமானப் பயணம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, எடை 17 கிலோ. அண்டிப்பருப்பு (முந்திரி) அவளுக்கு ஆகாது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்த சற்று நேரத்தில் முகம் வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபிறகுதான் சரியானது. கணவர் துபாயில் வேலை செய்கிறார். பள்ளி விடுமுறைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து நாங்கள் இருவரும் விமானத்தில் போக வேண்டும். பக்கத்து சீட்டில் யாராவது முந்திரி தின்றால் அந்த வாசனையே ஆகாமல் போகுமா? ஊசி மருந்தை உள்ளே விடுவார்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் மாமியார்.
- வாசகி, கருங்கல்

பதில்: வாசனையைப் பற்றிய பயம் வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்புவது முந்திரியில் உள்ள புரதம். மணத்தில் அது வருவதில்லை. பெரிய விமானங்களில் காற்று மேலிருந்து கீழாக அந்தந்த வரிசையை ஒட்டியே இறங்கி, ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்புகிறது. கொட்டைப் புரதம் விமானக் காற்றில் பரவி ஒவ்வாமை தருகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே, பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காகத் தயாரிக்கப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. உங்கள் பக்கத்து அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) புகையில் அவள் இருமினால், அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். முந்திரித் தோட்டு எண்ணெயின் புகை யாருக்கும் தொண்டையை அறுக்கும்.

ஆபத்து கையில் இருக்கிறது. முன்பு பயணித்தவர் முந்திரி தின்ற விரலால் தொட்ட தட்டுப்பலகையை இவள் தொட்டு, அதே விரலை வாயில் வைப்பாள். ஏறியதும் பலகையின் இரு பக்கம், கைப்பிடி, பெல்ட் கொக்கி, திரை, ஜன்னல் ஓரம் எல்லாவற்றையும் ஈரத் துடைப்பான்களால் துடையுங்கள். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், புரதத்தை அகற்றாது. அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் ஈரத் துடைப்பானால் துடைத்துவிடுங்கள். ஜன்னல் சீட்டில் அவள், அடுத்து நீங்கள். போர்வையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் விமானத்தை நம்பவே வேண்டாம். ‘இந்திய சைவ உணவு’ என்று முன்பதிவு செய்தால் வருவது பெரும்பாலும் குருமாவும் பனீர் மசாலாவும்தான். அந்தக் குழம்புகளைக் கெட்டியாக்குவதே அரைத்த முந்திரி விழுது. சில நிறுவனங்களில் நிலக்கடலை இல்லாத உணவு கேட்கலாம். அதில் முந்திரி இருக்கத் தடை ஏதும் இல்லை. டிக்கெட் எடுத்ததும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், ஏறும்போது பணிப்பெண்ணிடம் மறுபடி சொல்லுங்கள். பக்கத்து வரிசைகளில் முந்திரி வேண்டாம் என்று சில நிறுவனங்கள் பயணிகளைக் கேட்டுக்கொள்ளும், சில மாட்டோம் என்றுவிடும். எப்படியானாலும் உங்கள் பையிலிருந்து வந்தது மட்டுமே அவள் வாய்க்குள் போக வேண்டும்.

பறப்பது சுமார் நான்கு மணி நேரம். கருங்கலிலிருந்து கிளம்பும் நேரம், விமான நிலையக் காத்திருப்பு, தாமதம் எல்லாம் சேர்த்து 12 மணி நேரத்துக்குச் சாப்பாடு எடுங்கள். எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, ஏத்தம்பழம், வீட்டில் வறுத்த ஏத்தங்காய் சிப்ஸ் போதும். பேக்கரி சிப்ஸ் வேண்டாம். முந்திரி போட்ட மிக்சரை அள்ளிய கரண்டியாலேயே அதையும் அள்ளியிருப்பார்கள். சட்னி, சாம்பார், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் உள்ளே போகாது. கொப்பரைத் தேங்காயையும் பெட்டியில் வைக்காதீர்கள், தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி ஆகாத பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. டாக்டர் பரிசோதித்துச் சொல்லும்வரை இரண்டையும் ஒதுக்குங்கள். துபாயில் இது முக்கியம், அங்கே இனிப்பு என்றாலே பிஸ்தாதான். இதுவரை தேங்காய் சாப்பிட்டு வந்தாளென்றால் அதை நிறுத்த வேண்டாம்.

இனி ஊசி. விஷயமே இதில்தான் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் போட்டது உயிர்காக்கும் ஊசியான அட்ரினலினா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், அரிப்புக்கான ஏவில் மட்டும் போட்டு அனுப்பியிருக்கவும் கூடும். ஏவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும்; அடைக்கும் தொண்டையையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் அவை தடுக்காது. ஏவில் தூக்கத்தையும் தரும், குழந்தை துவள்வது மருந்தாலா நோயாலா என்று தெரியாமல் போகும். முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் பலருக்கு நேரம் போய்விடுகிறது.

அட்ரினலின் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 17 கிலோவுக்கு 0.17 மி.கி. தானே குத்தும் பேனா என்றால் 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி. பேனாதான். அது நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. துபாயில் டாக்டர் சீட்டு பெற்று வாங்க முடியுமா என்று கணவர் விசாரிக்கட்டும். அதுவரை ஆம்பூல்தான், அதாவது உடைத்து மருந்தை சிரிஞ்சில் இழுக்கும் சிறு கண்ணாடிக் குப்பி. ஒரு மில்லியில் 1 மி.கி. என்று லேபிளில் இருக்க வேண்டும். அப்படியென்றால் அவளுக்குத் தேவை 0.17 மில்லி. பதற்றத்தில் முழு ஆம்பூலையும் இழுத்துவிட்டால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு போய்விடும். நூறு கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்சை வாங்கி, பதினேழாவது கோட்டில் நிரந்தர மையால் குறியிடுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் கூடாது: அதன் கோடுகள் யூனிட் கணக்கு, ஊசியும் குட்டை, தசையை எட்டாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ கேட்டு அளவை உறுதி செய்துகொண்டு, ஒரு நர்ஸ் முன்னால் உப்புநீர் ஆம்பூலை உடைத்து, இழுத்து, பழகுங்கள். கை பழகாவிட்டால் சீட்டில் எழுதி வைத்தும் பயனில்லை.

குறைந்தது நான்கு ஆம்பூல் எடுங்கள். வழி அரபிக்கடலுக்கு மேலே, இறங்க இடம் தேடவே நேரமாகும். ஒரு டோஸ் போதாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் அடுத்தது வேண்டும். உடையாத பெட்டியில், வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்குக் கீழே வையுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம், உறையக்கூடாது. நிறம் மாறியதையும் தேதி கடந்ததையும் தூக்கிப் போடுங்கள். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. மேலே உள்ள லாக்கரிலும் வைக்காதீர்கள், சீட்பெல்ட் விளக்கு எரியும்போது எழ விடமாட்டார்கள். உங்கள் காலடிப் பையில் இருக்கட்டும். விமானத்து மருத்துவப் பெட்டியில் அட்ரினலின் இருந்தாலும், அதைத் திறக்கப் பெரும்பாலும் பயணிகளில் ஒரு டாக்டர் வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். டாக்டரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி குழந்தையின் பெயர், நோய், மருந்தின் பொதுப்பெயரும் அளவும், ஊசி சிரிஞ்ச் எத்தனை, ‘பயணம் முழுவதும் உடன் இருக்க வேண்டும்’ என்ற வரி, கையொப்பம், முத்திரை. மருந்துச் சீட்டும் ஆம்பூலின் அசல் பெட்டியும் கூடவே. கடிதத்துக்கு இரண்டு நகல்.

தடிப்போடு வாந்தி, விடாத இருமல், குரல் கம்மல், மூச்சிரைப்பு, துவண்டு போதல், இவற்றில் ஒன்று சேர்ந்தாலே ஊசி. முந்திரி பட்டது தெரிந்து மூச்சோ உணர்வோ மட்டும் மாறினால் தடிப்புக்குக் காத்திருக்காதீர்கள். தொடையின் வெளிப்புற நடுவில், செங்குத்தாகக் குத்துங்கள். பின் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி வருகிறதென்று கழிப்பறைக்கு நடத்திப் போகாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் எழுந்து நிற்பது உயிருக்கே ஆபத்து. சரியான மாதிரித் தெரிந்தாலும் இறங்கியதும் ஆஸ்பத்திரி. சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும். துபாயில் ஆம்புலன்ஸ் எண் 998.

இரவு விமானத்தைவிடப் பகல் விமானம் நல்லது. விளக்கணைத்த இருட்டில் முகம் சிவப்பது தெரியாது.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில், நிபுணர் மேற்பார்வையில், ஆஸ்பத்திரியில் தொடங்குவது. அடுப்படியில் செய்வது அல்ல. திரும்பி வரும்போது சொந்தக்காரர்களுக்கு வாங்கும் பிஸ்தா சாக்லேட்டைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள்; கைப்பையில் அது ஒரு துண்டுகூட வேண்டாம்.