மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது? புற்றுநோய், மூப்பு ஆய்வுகள் குறித்த கேள்வி பதில்

ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலும், அதிலுள்ள கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் சான்றாகக் குறிப்பிட்ட மேற்கோள் எண்ணிக்கையும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று கேட்டவர்களுக்கு, பினாங்கில் ஆய்வு நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், முதுகலை மாணவி: என் மேற்பார்வையாளருக்குக் கூகுள் ஸ்காலர் காட்டும் எச்-குறியீட்டைவிட ஸ்கோபஸ் காட்டுவது குறைவாக இருக்கிறது. எது சரி, ஐயா?

இரண்டும் சரிதான். கூகுள் ஸ்காலரும் ஸ்கோபஸும் ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் திரட்டும் தனித்தனித் தரவுத்தளங்கள். இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடு என்ற அளவுகோலின்படி, தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு 20 இருந்தால் அவருடைய குறியீடு 20. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளிலும், ஆய்விதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளிலும் வரும் மேற்கோள்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள் போன்றவற்றை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று குறிப்பிடாமல் இந்த எண்ணை எங்கும் எழுதாதீர்கள்.

பட்டர்வொர்த், முனைவர் பட்ட மாணவி: என் கட்டுரைகள் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயரில் கிடக்கின்றன.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஆனால் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் இணையப் படிவங்களில் பல, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகர்வதில்லை. ஆகவே ஒரு கட்டுரையில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயராகிறது. அடுத்ததில் உங்கள் பெயரே அந்த இடத்தில் போய் நிற்கிறது. இன்னொன்றில் அடையாள அட்டையில் ‘இன்னாரின் மகள்’ என்பதற்காக உள்ள ‘ஏ/பி’ இடைப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. கணினி மூன்று ஆட்கள் என்று கொண்டு மூன்று பக்கங்களைத் திறந்துவிடுகிறது. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்கிட் எண்ணை இன்றே பெறுங்கள், அது இலவசம். இனி ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் பயன்படுத்துங்கள். பிரிந்து கிடக்கும் பக்கங்களை இணைக்குமாறு ஸ்கோபஸிடம் கோரலாம். ஆய்வில் இறங்கும் நம் பிள்ளைகள் முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது.

செராஸ், ஆய்வு உதவியாளர்: எச்-குறியீடு எவ்வளவு இருந்தால் நல்லது?

துறை, வயது, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றைச் சொல்லாமல் கேட்டால் விடை இல்லை.

கிள்ளான், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, நல்ல ஆய்வை உலகம் எப்படியும் மேற்கோள் காட்டத்தானே செய்யும்? பிறகு ஏன் இந்த எண்களை நம்பக்கூடாது?

காட்டும், ஐயா, ஆனால் எப்போது என்பதுதான் சிக்கல். கோழியின் புற்றுக்கட்டியைச் செல்கள் நீங்க வடிகட்டி, அந்த வடிநீராலேயே வேறு கோழிக்கு நோயை உண்டாக்க முடியும் என்று பேட்டன் ரௌஸ் 1911இல் காட்டினார். அதற்கான நோபெல் பரிசு 1966இல், அவருடைய 87ஆம் வயதில்தான் வந்தது. உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் செல்கள் சாவதேயில்லை என்று அலெக்சிஸ் கரேலின் செல்வாக்கால் உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், மனிதச் செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் எழுதினார்கள். அந்த நிறுத்தம் மூப்போடு தொடர்புடையது என்பதும், அதை மீறுவதுதான் புற்றுச் செல்லின் இயல்பு என்பதும் இன்று பாடநூல் செய்தி.

அதே ஆசிரியர்: அவை பழங்கதைகள். இணையக் காலத்தில் அப்படி நடக்காது.

இணையக் காலத்துச் சான்றையே தருகிறேன். முன்பு ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் இருந்த பெக்லியும் அவருடன் எழுதிய எல்லிஸும் 2012இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, புற்றுநோய்த் துறையின் 53 முக்கியக் கட்டுரைகளில் 6இன் முடிவுகளை மட்டுமே அந்நிறுவன ஆய்வாளர்களால் மீண்டும் பெற முடிந்தது. தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவு) 20க்கு மேற்பட்ட இதழ்களில் வந்தவற்றை மட்டும் பாருங்கள்: உறுதிப்படாத கட்டுரைகளுக்குச் சராசரி 248 மேற்கோள்கள், உறுதிப்பட்டவற்றுக்கு 231. மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எவ்வளவு பேசப்பட்டது என்பதற்குக் கணக்கு; அது மெய்யா என்பதற்குச் சான்று ஆகாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன்.

ஈப்போ, மருத்துவ மாணவர்: மதிப்பாய்வுக் கட்டுரைகளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மேற்கோள்?

முன்னுரையின் முதல் வரிக்கு எல்லோருக்கும் ஒரு சான்று தேவைப்படுகிறது. அந்த இடத்தை, பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மதிப்பாய்வே நிரப்புகிறது. ஹனாஹனும் வைன்பெர்க்கும் 2000இல் புற்றுநோய்க்கு ஆறு அடையாளங்களை வகுத்ததும், லோப்பஸ்-ஓட்டீனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் மூப்புக்கு ஒன்பதையும் 2023இல் பன்னிரண்டையும் வகுத்ததும் துறையையே ஒழுங்குபடுத்திய பணிகள். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் செல் வளர்த்தவரின் பட்டியலையும் மதிப்பாய்வு எழுதுபவரின் பட்டியலையும் ஒரே தராசில் வைப்பது அநீதி.

சுபாங் ஜெயா, விரிவுரையாளர்: எச்-குறியீடு எத்தனை இருந்தால் போதும்?

செராஸ் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம், ஆய்வு மாணவர்: ஏழே நாளில் வெளியிடுவதாக ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.

ஒரு ரிங்கிட்டும் கட்டாதீர்கள்.

ஆயர் ஈத்தாம், வாசகி: அப்பாவுக்கு 74 வயது, புரோஸ்டேட் புற்றுநோய். இரண்டு மருத்துவர்களில் எச்-குறியீடு அதிகம் உள்ளவரிடம் போகலாமா?

வேண்டாம், அம்மா. அந்த எண் அவர் எழுதியதை அளக்கிறது; மருத்துவம் பார்க்கும் திறனை அளப்பதில்லை. இருவரிடமும் இவற்றைக் கேளுங்கள்: அப்பாவைப் போன்ற நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறார்களா, உடனே சிகிச்சை தொடங்காமல் கண்காணிப்பில் வைத்திருப்பதும் ஒரு வழியா, அவர்கள் சுட்டிக்காட்டும் ஆய்வில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தார்களா? புற்றுநோயாளிகளில் முதியவர்கள் அதிகம் இருந்தும் மருந்துச் சோதனைகளில் அவர்களுடைய பங்கு குறைவாகவே இருக்கிறது. அதனால் இளையவர்களிடம் கண்ட பலனும் பக்கவிளைவும் அப்பாவுக்கு எந்த அளவு பொருந்தும் என்று மருத்துவரே விளக்க வேண்டும். அப்பாவின் இதயம், சிறுநீரகம் பற்றிய பழைய அறிக்கைகளையும், அவர் இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.