வருஷா வருஷம் ஏசி கேஸ் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: என் காருக்கு வயது 14. போன வருடம் ஏசியில் காற்று மட்டும் வந்தது, குளிர்ச்சி இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஏற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஜில்லென்று இருந்தது, இப்போது மறுபடியும் அதே கதை. “பழைய வண்டி, வருஷா வருஷம் ஏத்தத்தான் வேணும்” என்கிறார் மெக்கானிக். அப்படியா?

பதில்: அப்படி இல்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்தான், ஆனால் குளிர்ச்சி குறைகிற அளவுக்குப் போகப் பல வருடம் ஆகும். நான்கே மாதத்தில் காலி என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதைத் தேடாமல் ஏற்றினால் இந்த கேஸும் அதே வழியாகத்தான் போகும்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து நீங்களே ஒருமுறை பாருங்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஆயிலும் கேஸோடு கலந்து ஓடுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காகப் படிந்திருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், வண்டியின் முன்னால் கல்லடி படும் கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் வலை போன்ற பாகம்), இவைதான் முதல் சந்தேகம். கேஸ் ஏற்றும் வால்வையும் விடாதீர்கள். டயர் வால்வு மாதிரியே இருக்கும் அதன் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால், குமிழ் வருகிறதா என்று தெரிந்துவிடும். நானும் ஒருமுறை இரண்டு தடவை கேஸுக்குக் காசு கொடுத்த பிறகுதான், குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் வளையம் என்று கண்டுபிடித்தேன். இன்னும் எரிச்சல்தான்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லீக் மிகச் சிறியது என்றால், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டுத் தேடலாம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால்தான் பாடு. பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், பாகத்தின் விலையை விடக் கூலி அதிகமாகலாம். “இப்போதைக்கு கேஸ் மட்டும் ஏத்திக்கலாம்” என்ற யோசனை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சரி, லீக் அடைத்தாயிற்று. அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள். குழாயைத் திறந்ததால் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றினார்களா? குறைந்தது 30 நிமிடமாவது வேக்கம் போட்டார்களா, அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார்களா? உள்ளே ஈரம் நின்றால், கேஸ் விரிந்து குளிரும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். மூன்றாவது, எத்தனை கிராம் ஏற்றினார்கள்? சரியான அளவு பெரும்பாலும் பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். அளவு தெரிய எடை போட வேண்டும், கேஜ் போதாது. ஏசியை அணைத்து வைத்திருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. அழுத்தத்தில் கேஸின் ஒரு பகுதி உள்ளே திரவமாக இருக்கும், அந்தத் திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அளவுக்கு மீறி ஏற்றினாலோ குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

கேள்வி: லீக் அடைக்கும் மருந்து கலந்த கேஸ் கேன் வாங்கி நானே ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த மருந்து வால்வையும் அடைக்கலாம், பிறகு வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் மெஷினையும் கெடுக்கலாம். விஷயம் தெரிந்தால் வண்டியைத் தொடவே மறுப்பவர்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டியாக இருந்தால் அது ஆர்-12 கேஸுக்காகச் செய்யப்பட்டிருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியாக ஒதுக்கப்பட்ட கேஸ் அது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ-வுக்கு ஆயிலே வேறு, அப்படியே ஊற்றக் கூடாது. மலிவு என்று சமையல் எரிவாயு மாதிரியான கலவையை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது தீப்பிடிக்கும், கசிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும்.

கேள்வி: வண்டி ஓடும்போது நல்ல குளிர்ச்சி. சிக்னலில் நின்றால் சூடான காற்று. கேஸ் குறைவா?

பதில்: முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர வைத்துவிடும், நின்றதும் அந்த வேலை ஃபேனுடையது. ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் போய் நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றியும் சூடாகவே இருந்தால் கண்டன்சரில் அடைந்திருக்கும் மண்ணையும் பூச்சியையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கேஸ் பேச்சு அதற்குப் பிறகுதான்.